எஸ்ஜே410 ஜிம்னிக்கு 1.6 எஞ்சின், வீட்டு போர்ச்லயே மாத்த முடியுமா?

தம்பி, மத்தவங்களும் படிப்பாங்கன்னு உன் கேள்விய மொதல்ல சுருக்கி போட்டுடுறேன். தோட்டத்துல ஏலம் விட்டப்போ எடுத்த எஸ்ஜே410 ஜிம்னி, 80கள்ல வந்தது, 1000 சிசி எஞ்சின், நீ 31 இஞ்ச் டயர் ஏத்திட்ட, லாசா ஊரு தாண்டி மேல டுரியான் காட்டுக்கு நாலு பேர் ஏறுனா ரெண்டாவது கியர்லயே மூச்சு வாங்குது, கூட்டாளிங்க பெரிய எஞ்சினா தூக்கி வச்சிருன்றாங்க, ஒருத்தன் 1600ன்றான் இன்னொருத்தன் 2000ன்றான், வீட்டு போர்ச்லயே ரெண்டு வாரத்துல முடியுமா, எது போடலாம், எவ்வளவு இழுக்கும். இதானே?

முடியும். ரெண்டு வாரத்துல முடியாது.

நான் மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வொர்க்‌ஷாப்ல 20 வருசத்துக்கு மேல ஸ்பேனர் புடிச்சவன், டிராக்டரு, லேண்ட்ரோவரு, லோரின்னு கைக்கு வந்ததெல்லாம் பிரிச்சு மாட்டினவன். வீட்டுல சொந்தமா மூணு காடிக்கு, அதான் வண்டிக்கு, எஞ்சின் மாத்தியிருக்கேன். அதுல ரெண்டு இன்னும் ஓடுது, ஒண்ணு பின்னாடி கோழிக்கூடா நிக்குது. அந்தக் கோழிக்கூட்டு கதையத்தான் அங்கங்க சொல்லப்போறேன், ஏன்னா உன் கூட்டாளி காட்டுற 2000 சிசி வழி நேரா அங்கதான் போகுது.

எஞ்சின கழட்டறதுக்கு முன்னாடி, இப்ப இருக்கறது ஆரோக்கியமா இருக்கான்னு பாத்தியா? தோட்டத்துக் காடி, யார் யாரோ ஓட்டியிருப்பாங்க, ஆயில் மாத்தினாங்களோ இல்லையோ. பொமன் (மெக்கானிக்) கடையில கம்ப்ரஷன் மீட்டர் இரவல் வாங்கு, எஞ்சின சூடாக்கு, பிளக் நாலையும் கழட்டு, ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டு ஒவ்வொரு சிலிண்டரா அடிச்சுப் பாரு. நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும். ஒண்ணு மட்டும் கீழ போச்சுன்னா அந்த பிளக் ஓட்டையில ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் ஊத்தி மறுபடி அடி, மீட்டர் ஏறுச்சுன்னா ரிங் தேஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வு பக்கம் கோளாறு. நிறைய பேர் செத்துப்போன 1000 சிசிய ஓட்டிட்டு 1000 சிசியே ஒதவாதுன்னு முடிவு கட்டிடறாங்க. அடுத்தது டயர். ஒரிஜினல் 195 ஆர் 15 டயரோட உயரம் 27 இஞ்சுக்கு கொஞ்சம் மேல. 31 போட்டா உன் கியர் எல்லாம் 12 சதவீதம் போல நீண்டு போச்சுன்னு அர்த்தம், 45 குதிரை சக்தி எஞ்சின் பாவம் என்னா செய்யும். டயர நீயே பெரிசாக்கிட்டு எஞ்சின திட்டற கத இது. சரி, இதெல்லாம் பாத்துட்டும் மாத்தத்தான் போறேன்னா மேல படி.

எது போடறதுன்னு கேட்டா என் பதில் ஒண்ணுதான், சுசுகி ஜி16, 1590 சிசி, பழைய விட்டாரா எஸ்குடோல வர்றது, அதுலயும் 8 வால்வு. 16 வால்வுல சக்தி கூடத்தான், ஆனா அது மேல சுத்துனாத்தான் வரும், காட்டுக்கு வேண்டியது கீழ இழுக்கற இழுப்பு. உன் பழைய எஃப்10ஏ 970 சிசி, இரும்பு பிளாக்கு. ஜி16 அலுமினிய பிளாக்கு, அதனால சிசி ஒண்ணரை மடங்குக்கு மேல ஏறுனாலும் மூக்குல கனம் அந்த அளவுக்கு ஏறாது. முக்கியமான விசயம், ஜி13ம் ஜி16ம் ஒரே குடும்பம். எஸ்ஜே413ன்னு 1984ல 1300 சிசியோட ஒண்ணு வந்துச்சே, அதோட அஞ்சு கியர் பாக்ஸ் ஜி16 பின்னாடி நேரா போல்ட் ஏறும். நடுவுல இணைக்கற தகடு, அதான் அடாப்டர் பிளேட்டு, தேவையில்ல, லேத்துக் கடைக்கு அலைய வேணாம். உன் நாலு கியர் பாக்ஸ் மட்டும் ஏறாது, எஃப்10ஏ குடும்பத்தோட ஓட்டை அமைப்பே வேற. அதனால எஞ்சினும் கியர்பாக்ஸும் சேத்துதான் மாத்தணும், இதை யாரும் மொதல்ல சொல்ல மாட்டாங்க, எஞ்சின வாங்கிட்டு வந்து போர்ச்ல வச்சுட்டு அப்பறம்தான் முழிப்பாங்க.

கோழிக்கூட்டுக்கு நான் என்னா பண்ணேன்னா, ஒரு சலூன் காடியோட 2000 சிசி எஞ்சின் மலிவா கெடச்சிச்சு, ஆசை. கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல 12 மில்லி இரும்புத் தகடு நானே வெட்டி ஓட்டை போட்டேன். கண்ணுக்கு அழகாத்தான் இருந்திச்சு. ஆனா கிராங்க் ஷாஃப்டோட நடு மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டோட நடு மையமும் ஒரே கோட்டுல இருக்கணும், அதுல ஒரு மயிரிழை தள்ளி இருந்தாலும் பேரிங் சாப்புடும், அதை டயல் கேஜ் வச்சு சுத்தி சுத்தி அளக்கணும், நான் அளந்தது பென்சிலும் ஸ்கேலும். மூணு மாசத்துல இன்புட் பேரிங் கத்துச்சு. புதுசு போட்டேன், மறுபடி மூணு மாசம். இதுக்கு நடுவுல முன் லீஃப் ஸ்பிரிங் கனம் தாங்காம தொங்கிப் போய், பள்ளத்துல எறங்குறப்போ எல்லாம் எஞ்சின் அடியில உள்ள ஆயில் சம்ப்பு ஆக்சில்ல போய் முட்டும், அந்த டங்குங்கற சத்தம் வயித்துல விழுந்த மாதிரி இருக்கும். அடாப்டர் போடறது தப்புன்னு சொல்லல, அளந்து கடைஞ்சு கொடுக்க சரியான லேத்துக்காரன் இருந்தா நல்லாவே ஓடும். போர்ச்ல கிரைண்டர வச்சுக்கிட்டு செய்யற வேலை இல்ல, அவ்வளவுதான்.

இப்ப கணக்கு கொஞ்சம் பாப்போம், இதுதான் எனக்குப் புடிச்ச பகுதி, அலுப்பா இருந்தா தாண்டிப் போயிடு. எஸ்ஜே410ல டிரான்ஸ்ஃபர் கேஸ், அதான் முன் பின் ஆக்சிலுக்கு இழுப்ப பிரிச்சு அனுப்பற பெட்டி, அது ஹையில 1.58, லோவுல 2.51, டிஃப்ரென்ஷியல் 4.11. எஸ்ஜே413 டிரான்ஸ்ஃபர் கேஸ் 1.41, 2.27. நிறைய பேர் 413 கியர்பாக்ஸ் வாங்குறப்பவே அதோட டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேத்துத் தூக்கிட்டு வந்து மாட்டிடறாங்க. வேணாம். உன் 410 டிரான்ஸ்ஃபர் கேஸையே வச்சுக்கோ, ரெண்டும் தனித்தனி பெட்டி, நடுவுல ஒரு குட்டி ஷாஃப்ட்டுதான். பழைய பெட்டில மொத கியர் 3.14, லோ போட்டா 3.14ஐ 2.51ஆல, அப்பறம் 4.11ஆல பெருக்கினா ஏறக்கொறைய 32. அஞ்சு கியர் பெட்டில மொத கியர் 3.65, அதே லோ, அதே டிஃப்ரென்ஷியல், 37ஐத் தாண்டும். அதாவது எஞ்சின் மாத்தாமலே ஏத்தத்துல பலம் கூடுது. ரோட்டுல அஞ்சாவது கியர் 0.8க்கு கொஞ்சம் கம்மி. பழைய டயரோட பழைய பெட்டில 80ல போனா எஞ்சின் நிமிசத்துக்கு 4000 சுத்து, காது அடைச்சிடும். 31 டயரோட அஞ்சாவதுல அதே 80க்கு 2800 கிட்டதான். ஈப்போ போய் வர்றதுக்கு ரேடியோ கேக்கலாம். 2000 சிசி போட்டாலும் உனக்கு இதவிட என்னா கெடைக்கப் போவுது.

இதுல ஒரு கெட்ட கணக்கும் இருக்கு. பழைய எஞ்சின் இழுப்பு 75 நியூட்டன் மீட்டர் போல, 8 வால்வு ஜி16 127 போல. அதை 32க்கு பதிலா 37ஆல பெருக்கினா ஆக்சிலுக்குப் போற முறுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆக்சில் அதே பழைய ஆக்சில். இதை மறந்துடாத, பின்னாடி வரேன்.

எஞ்சின் எங்க வாங்குறது? ஹாஃப் கட் கடைதான், அதாவது வெளிநாட்டுப் பழைய காடிய பாதியா வெட்டி கொண்டாந்து விக்கற கடை, ஈப்போல இருந்து கேஎல் வரைக்கும் கேட்டு வை. ஜப்பான்ல இருந்து வர்ற எஸ்குடோ ஹாஃப் கட்ல ஆட்டோ கியர் உள்ளது மலிவா வரும், கடை மொதலாளி தவுக்கே ஆசை காட்டுவான். ஆட்டோ எஞ்சின்ல ஃப்ளைவீல் இருக்காது, மெல்லிசு தகடுதான் இருக்கும், கிராங்க் முனையில பைலட் பேரிங்கும் இருக்காது, கம்ப்யூட்டரும் ஆட்டோக்கு உள்ளது. தனித்தனியா தேடி வாங்குற காசுல மேனுவலே வாங்கிடலாம். இன்னொண்ணு, எஸ்குடோவோட சொந்த கியர்பாக்ஸ் டிரான்ஸ்ஃபர் கேஸோட ஒட்டியே இருக்கும், நீளமும் அதிகம், ஜிம்னிக்கு அது ஆகாது, அதுவும் வேணும்னு எடுத்துட்டு வராத. வாங்குறப்போ எஞ்சின ஓட்டிக் காட்டச் சொல்லு. ஓட்ட முடியாதுன்னா ஆயில் மூடிய கழட்டி அடியில விரல விட்டுத் தடவு. கருப்பு சேறு வந்தா வச்சிட்டு வந்துடு, காப்பி கலர் நொரை இருந்தா தண்ணி ஆயில்ல கலந்திருக்கு, அதுவும் வேணாம். வயரிங்க வெட்டாம முழுசா கழட்டித் தரச் சொல்லு. எனக்கு ஒரு தடவ ஒரு கடையில கட்டரால ஒரே வெட்டா வெட்டிக் கொடுத்துட்டான், 40, 50 வயரு, எது எங்க போகுதுன்னு தெரியாம ஒரு மாசம் போச்சு. எஞ்சின்ல உள்ளது மட்டும் பத்தாது, கம்ப்யூட்டர், அதோட ரிலே, ஃப்யூஸ் பெட்டி, ஆக்சிலேட்டர் கேபிள், ஏர் கிளீனர் பெட்டி வரைக்கும் வாங்கிக்கோ.

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி தாள் வேலை. இதை ரொம்ப பேர் கடைசில பாத்துக்கலாம்னு விடறாங்க. கிராண்ட்ல, அதான் காடியோட பதிவுத் தாள்ல, எஞ்சின் நம்பரும் சிசியும் இருக்கு, ரெண்டும் மாறப்போவுது. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டருக்குப் போ, இன்ன காடி, இன்ன எஞ்சின், சிசி கூடுதுன்னு சொல்லி என்னென்ன தாள் வேணும்னு கேட்டு எழுதிட்டு வா, அப்பறம்தான் கடைக்குப் போகணும். கடையில ரசீது எஞ்சின் நம்பரோட வாங்கு, இறக்குமதி எஞ்சின்னா கஸ்டம்ஸ் கே1 பாரம் நகல் கேளு, இல்லன்னு மழுப்பினா அடுத்த கடை. மாட்டினதுக்கு அப்பறம் காடி பரிசோதிக்கற புஸ்பாகோம்ல காட்டணும், எஞ்சின் நம்பர் தெளிவா தெரியணும். அந்த எடத்துல கிரைண்டர் பிரஷ் போட்டு பளபளன்னு ஆக்கி நம்பர அழிச்சவங்க இருக்காங்க, கையால துணி போட்டு தொடச்சா போதும். இன்சூரன்ஸ்லயும் சொல்லிடு, சொல்லாம ஓட்டி எங்கயாவது இடிச்சா அன்னைக்கு ஆரம்பிக்கும் வம்பு. ரோட் டேக்ஸ் பயப்பட வேணாம், ஜீப் வகையில 1000 சிசி வரைக்கும் வருசம் 20 வெள்ளி (ரிங்கிட்), 1401ல இருந்து 1600 வரைக்கும் 120 வெள்ளி. 1600 தாண்டுச்சுன்னா 300ல இருந்து மேல. 1590ன்னு நிறுத்தறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப வேலை. பழைய எஞ்சின கழட்டறதுக்கு முன்னாடி அளவு எடு, கழட்டினப்பறம் எடுக்க முடியாது. கியர்பாக்ஸ் முனையில இருந்து ரேடியேட்டர் வரைக்கும் எவ்வளவு, கியர் கம்பி தரையில இருந்து எந்த எடத்துல வருது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு போற குட்டி ஷாஃப்ட் நீளம், ஆக்சில்ல இருந்து சம்ப்புக்கு எடைவெளி. எல்லாத்தையும் போர்ச் சுவத்துல சாக்பீஸ்ல எழுது, நோட்டு எண்ணெய்ல ஊறிடும். ஜேக் போட்டு முன் ஆக்சில ஒரு பக்கம் ரப்பர் ஸ்டாப்பர்ல முட்டற வரைக்கும் தூக்கி அப்பவும் அளக்கணும், சமதரையில நிக்கறப்போ அளந்தது காட்டுல ஒண்ணுக்கும் ஒதவாது. புது எஞ்சின் உக்காந்ததும் பானெட் மூடுமான்னு பாக்க ஒரு வழி சொல்றேன், கிண்டல் பண்ணாத. வீட்டுல சப்பாத்தி மாவு ஒரு உருண்டை வாங்கி ஏர் கிளீனர் மேல, த்ராட்டில் மேல, எங்கெல்லாம் ஒசரமோ அங்கெல்லாம் ஒட்டு, பானெட்ட மெதுவா மூடித் தெற. மாவு எவ்வளவு தட்டையா இருக்கோ அதான் எடைவெளி. ஒரு விரல் கனம் இல்லன்னா இடிக்கும், எஞ்சின் நின்ன எடத்துல நிக்காது, ஆக்சிலேட்டர் கொடுத்தா ரப்பர் மவுண்டிங்ல ஆடும். எங்க வீட்டுல அன்னைக்கு ராத்திரி சப்பாத்தி கெடையாது, கடையில ரொட்டி சானாய்தான்.

தூக்கறதுக்கு செயின் புளோக் வாடகைக்கு எடு, அதைத் தொங்க விட இரும்புக் குழாய்ல மூணு கால் சட்டம் போடு. போர்ச் கூரை பீம்ல தொங்க விடாத, மரத்துலயும் வேணாம். ரம்புத்தான் மரக்கிளைல நான் ஒரு தடவ லேண்ட்ரோவர் எஞ்சின தூக்கினேன், கிளை முறியல, வளைஞ்சிச்சு, எஞ்சின் மெதுவா ஆடி வந்து காடி கண்ணாடில சாஞ்சிச்சு. தொங்குற எஞ்சினுக்கு அடியில கைய விடாத, பிள்ளைங்கள வீட்டுக்குள்ள அனுப்பிடு, பேட்டரிய மொதல்லயே கழட்டி தூர வை.

உள்ள உக்கார வைக்கறப்போ மவுண்டிங்கதான் புதுசா செய்யணும். கியர்பாக்ஸ மொதல்ல அதோட எடத்துல வச்சு டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு போற ஷாஃப்ட் நேரா வருதான்னு பாத்து கிராஸ் மெம்பர சரி பண்ணு, அப்பறம் எஞ்சின அதோட போல்ட் பண்ணு, செயின் புளோக்ல தொங்கிக்கிட்டே இருக்கட்டும், சம்ப்பு, ஃபேன், பானெட் மூணும் சரியா வர்ற எடத்துல நிறுத்தி, அப்ப மவுண்டிங் பிராக்கெட்டுக்கு அட்டையில மாதிரி வெட்டு. அட்டை சரியா வந்தா இரும்புல வெட்டி பொட்டு பொட்டா டேக் வச்சு கழட்டி எடுத்துட்டு வெளிய வச்சு முழு வெல்டிங் போடு. எஞ்சின் மேல கம்ப்யூட்டர் வயரு இருக்கறப்போ அங்கயே வெல்டிங் அடிக்காத. உனக்கு வெல்டிங் வராதுன்னா இந்த ஒரு வேலைய மட்டும் வெல்டிங் தெரிஞ்சவன்கிட்ட கொடு, மவுண்டிங் விட்டுப்போனா எஞ்சின் முன்னாடி வந்து ஃபேன் ரேடியேட்டர கடிச்சிடும். சேர்க்கறதுக்கு முன்னாடி க்ளட்ச் பிளேட்ட கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல கையால சொருகிப் பாரு, பல்லு சரியா வழுக்கிட்டுப் போகணும். பைலட் பேரிங் புதுசு போடு, அது சின்ன சாமான், ஆனா பழசு கத்த ஆரம்பிச்சா மறுபடி எல்லாத்தையும் எறக்கணும். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின் ஆயில் சீல் மூணும் எஞ்சின் வெளிய இருக்கறப்பவே.

ரேடியேட்டர். உன் பழைய ரேடியேட்டர் 1000 சிசிக்கு உள்ளது, ரோட்டுல சமாளிக்கும், லோ கியர்ல நடந்து போற வேகத்துல ஏறுறப்போ காத்தே வராது, அப்ப தெரியும் சேதி. தடிமன் கூடுன ரேடியேட்டர் போடு, ஃபேன் எதுவா இருந்தாலும் அதைச் சுத்தி கூடு இருக்கணும், கூடு இல்லாத ஃபேன் காத்த சுத்தி சுத்தி அங்கயே அடிக்கும். நான் எஞ்சின் ஃபேன்தான் வச்சிருக்கேன், ஆனா சுங்கை பிளஸ் பக்கம் தண்ணி தாண்டுறப்போ பெல்ட்ட தளத்தி விட்டுட்டுத்தான் எறங்குவேன், இல்லன்னா இறக்கை தண்ணில வளைஞ்சு ரேடியேட்டர கிழிச்சிடும். கரண்ட் ஃபேன்னா சுவிட்ச அணைச்சுட்டு எறங்கலாம், அது வசதிதான். நம்ம ஊரு பொமன்மார் ஒரு வேலை செய்வாங்க, சூடு ஏறுதுன்னா தெர்மோஸ்டேட்ட கழட்டி எறிஞ்சிடுவாங்க. கார்புரேட்டர் காடில தப்பிச்சிக்கலாம், கம்ப்யூட்டர் காடில எஞ்சின் எப்பவும் சில்லுன்னு இருக்கறதா அது நெனச்சிக்கிட்டு பெட்ரோல ஊத்திக்கிட்டே இருக்கும். தெர்மோஸ்டேட் இருக்கட்டும். பைப்பு தண்ணியும் ஊத்தாத, அலுமினிய எஞ்சின், அரிச்சிடும், கூலண்ட்தான்.

பெட்ரோல் லைன்ல ரெண்டு விசயம். பழைய பம்ப் கார்புரேட்டருக்கு உள்ளது, இன்ஜெக்‌ஷனுக்கு அந்த அழுத்தம் பத்தாது, கரண்ட் பம்ப் வேணும், மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிப் போக தடையில்லாத லைனும் வேணும். ரப்பர் ஹோஸும் கிளிப்பும் இன்ஜெக்‌ஷனுக்குன்னே விக்கறத வாங்கு, சாதா ஹோஸ் கொஞ்ச நாள்ல ஊதி வெடிக்கும், பக்கத்துலயே சூடான எக்ஸாஸ்ட்.

வயரிங் எல்லாம் ஒரு தாள்ல எழுத முடியாது, நிதானமா ஒவ்வொரு வயரா பேர் ஒட்டி செய்யணும். ஆனா எர்த்து வயர் கதை மட்டும் சொல்லியே ஆகணும். இப்ப நல்லா ஓடுற என் ஜிம்னிக்கு மாட்டி முடிச்ச அன்னைக்கு ராத்திரி, மழை வேற, போர்ச்ல ஒரு லைட்டு. சாவிய திருப்பினா ஸ்டார்ட்டர் சோம்பலா ஒரு சுத்து சுத்தி நிக்குது. பேட்டரி வீக்னு நெனச்சேன், லோரி பேட்டரி கொண்டாந்து ஜம்பர் போட்டேன். மறுபடி திருப்பினேன், அப்பவும் சோம்பல்தான், நான் விடாம சாவிய புடிச்சிக்கிட்டே இருக்கேன், வீட்டுக்காரி வாசப்படில நின்னுக்கிட்டு 'என்னாங்க, கம்பி ஒண்ணு செவக்குது'ன்னா. பாத்தா ஆக்சிலேட்டர் கேபிள். மேல உள்ள பிளாஸ்டிக் உருகி சொட்டுது, உள்ள கம்பி சிகரெட் நெருப்பு மாதிரி. என்னா ஆச்சுன்னா, எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்ல உக்காந்திருக்கு, பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல தடிமனான எர்த்து வயரு ஒண்ணு போகணும், அத நான் மாட்டல. ஸ்டார்ட்டர் இழுக்கற கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக வேற வழி இல்லாம, எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கிட்டிருந்த ஒரே இரும்பு அந்த கேபிள்தான், அது வழியா போயிருக்கு. ஒரு அடி வயரு. பெட்ரோல் ஹோஸ் அதுக்கு ஒரு சாண் தள்ளி. இன்னைக்கும் எந்த காடில எஞ்சின் ஏத்தினாலும் நான் மொதல்ல மாட்டறது எர்த்து வயருதான், ரெண்டா மாட்டுவேன், பெயிண்ட சொரண்டிட்டு.

ஆக்சில் பக்கம் வரேன்னு சொன்னேன்ல. 410 ஆக்சில் ஷாஃப்ட் 413ஐ விட மெலிசு, இப்ப ரெண்டு மடங்கு முறுக்கு வருது, 31 டயரு வேற. முன்னாடி வீல் முழுசா திருப்பிக்கிட்டு கல்லுல மாட்டி நிக்கறப்போ க்ளட்ச்ச படக்குன்னு விட்டன்னா முன் ஆக்சில் முட்டிக்குள்ள இருக்கற சிவி ஜாயிண்ட் உடையும், அந்த சத்தம் துப்பாக்கி மாதிரி கேக்கும். ஸ்டியரிங்க நேராக்கு, மெதுவா விடு, ஏறலன்னா பின்னாடி வா. 413 ஆக்சில் கெடச்சா மாத்திக்கோ, ஆனா அதோட டிஃப்ரென்ஷியல் பல்லு 4.11 இல்ல, அப்படியே ஒண்ண மட்டும் மாத்தி முன்னாடி ஒரு ரேஷியோ பின்னாடி ஒரு ரேஷியோன்னு ஃபோர்வீல் போட்டா டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிடும். மாத்துனா ரெண்டையும் மாத்து.

பிரேக்க நான் கடைசில சொல்றேனே தவிர, நீ மொதல்ல செய்யணும். ஆரம்ப எஸ்ஜே410கள்ல நாலு பக்கமும் டிரம். சேத்துல எறங்கி ஏறினா டிரம்முக்குள்ள மண்ணும் தண்ணியும், மிதிச்சா எங்கயோ போகும். கோலா மூ பாதை மாதிரி எறக்கத்துல 1000 சிசியோட வந்தப்போ எஞ்சினே வேகத்த குடுக்காது, இப்ப குடுக்கும். முன்னாடி டிஸ்க் மாத்து, மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் மாத்து, பைப்பு துரு புடிச்சிருந்தா அதுவும். பிரேக் முடியாம புது எஞ்சின சாவி போடாதன்னு நான் என் மகன்கிட்டயே சொல்லியிருக்கேன். கேக்கல அவன், அது வேற கதை.

செலவு எவ்வளவுன்னு கேட்ட. வெலை மாசத்துக்கு மாசம் மாறுது, நான் ஒரு தொகை சொல்லி நீ அத நம்பி எறங்க வேணாம். என் அனுபவத்துல எஞ்சினுக்கு கொடுத்த காசு எவ்வளவோ அதே அளவு கியர்பாக்ஸ், க்ளட்ச், ரேடியேட்டருக்கு போச்சு, மறுபடி அதுல பாதி ஹோஸ், போல்ட், ஆயில், வெல்டிங், புஸ்பாகோம்னு சில்லறையா போச்சு. அந்த சில்லறைதான் கணக்குல வராது. நாள் கணக்கு, வேலைக்குப் போயிட்டு ஞாயித்துக்கெழம மட்டும் செய்யறதுன்னா நாலு மாசம் வச்சுக்கோ. அது வரைக்கும் வேலைக்குப் போக வேற காடி இருக்கா பாத்துக்கோ.

மொத தடவ ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பெட்ரோல் பம்ப் ஃப்யூஸ கழட்டிட்டு, பிளக்க எடுத்துட்டு, ஆயில் லைட் அணையற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல சுத்து, அப்பறம் பிளக் போட்டு எடு. வீட்டு முன்னாடி அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி ஹோஸ் எல்லாம் தடவிப் பாரு. அடுத்தது குடியிருப்பு தாமானுக்குள்ள ஒரு சுத்து, ஸ்பேனரோட. தாள் வேலை முடியற வரைக்கும் பெரிய ரோட்டுக்கு கொண்டு போகாத.

பழைய எஃப்10ஏவ என்னா செய்யறதுன்னு நீ கேக்கல, நானே சொல்றேன். வித்துடாத. பிளக் ஓட்டையில ஆயில் ஊத்தி, எல்லா ஓட்டையும் துணி வச்சு அடைச்சு, நாலு கியர் பெட்டியோட சேத்து பலகை மேல தூக்கி வச்சு தார்ப்பாய் போட்டு மூடு. மவுண்டிங் பிராக்கெட்டையும் வெட்டி எறியாத, போல்ட் எல்லாத்தையும் மைலோ டின்ல போட்டு மூடி வை. நான் 2000 சிசி மாட்டின அதே வாரத்துல பழசை பழைய இரும்புக்காரன்கிட்ட நிறுத்துப் போட்டுட்டேன், தாள் கெடைக்கலன்னு தெரிஞ்சப்போ பழையபடி ஆக்கறதுக்கு கையில ஒண்ணும் இல்ல, அப்படித்தான் அந்தக் காடில கோழி ஏறுச்சு. புது எஞ்சின் நம்பரோட கிராண்ட் உன் கைக்கு வரட்டும், அப்பறம் வேணும்னா வித்துக்கோ. உன் டிரான்ஸ்ஃபர் கேஸையும் முன் ஆக்சிலையும் நாலு பக்கம் படம் எடுத்து அனுப்பு, டிரம்மா டிஸ்க்கான்னு பாத்து சொல்றேன்.